மாற்றுப் பேச்சாளர்

பொறாமை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள் அக்கா. வேறு எதை வேண்டுமானாலும் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். திமிர் பிடித்தவள், வாயாடி, எடுத்தெறிந்து பேசுகிறவள், எங்கள் வீட்டிலேயே எல்லாம் சொல்லியாயிற்று. பொறாமை என்றால் அடுத்தவர் பொருளுக்கு ஆசைப்படுவது. நான் ஆசைப்படுவது என் பொருளுக்கு. இரண்டும் ஒன்றா? இதை நீங்கள் ஒத்துக்கொண்டால்தான் மேற்கொண்டு சொல்ல முடியும்.

சரி, தலையாட்டினீர்கள். அது போதும்.

டிரைவருக்குப் பின்னால் இரண்டாவது வரிசையில், பச்சைச் சுடிதார் போட்ட ஒரு பிள்ளை பாடிக்கொண்டு வருகிறாளே, கயத்தாறு தாண்டினதிலிருந்து வாய் ஓயவில்லையே, அவள்தான் ஜெமிலா. அவள் பக்கத்தில் கண்ணாடியைக் கழற்றாமல் தூங்குகிறவர் எங்கள் புஷ்பம் மேடம், தமிழ்த்துறை. எதிர் ஜன்னலோரம் கம்பியில் தாளம் போடுகிறானே, அவன் நாயகம். கோமதிநாயகம். நான் பிரம்மசக்தி. நால்வரும் திருநெல்வேலியில் ஒரே பல்கலைக்கழகம், ஒரே சொற்போர் அணி. அப்படியானால் நீ ஏன் அவர்களோடு உட்காராமல் இங்கே வந்து உட்கார்ந்தாய் என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன். அங்கே காற்று வரவில்லை.

இன்று மத்தியானம் மதுரையில் இறுதிச் சுற்று. எல்லாப் பல்கலைக்கழகங்களும் மோதி, கடைசியில் மிஞ்சிய இரண்டு அணி. மேடையில் ஒவ்வோர் அணிக்கும் இரண்டு நாற்காலி போடுவார்கள். முதல் நாற்காலிக்காரர் வாதத்தைத் தொடங்குவார், முடிவில் தொகுத்தும் பேசுவார். அணி ஜெயித்தால் கோப்பையை வாங்குகிற கையும் அவருடையதுதான். நான் பி.ஏ. சேர்ந்த வருஷத்திலிருந்து எங்கள் அணியின் முதல் நாற்காலி என்னுடையது. இப்போது எம்.ஏ. கடைசி வருஷம், ஏப்ரலோடு படிப்பு முடிகிறது. இத்தனை காலத்தில் எங்கள் அணி அரையிறுதியைத் தாண்டினதில்லை. முதல் தடவையாக இறுதிச் சுற்றுக்கு வந்திருக்கிறோம். அந்த நாற்காலியில் இன்றைக்கு ஜெமிலா உட்காரப் போகிறாள், இரண்டாவதில் நாயகம். பி.எஸ்ஸி. இரண்டாம் வருஷம். அவளுக்கு இன்னும் எவ்வளவோ இருக்கிறது. எனக்கு இது ஒன்றுதான்.

நானா? நான் மாற்றுப் பேச்சாளர்.

அது என்ன தெரியுமா? மேடைக்குக் கீழே ஓரமாக உட்கார்ந்து எதிரணி பேசுவதைக் கேட்க வேண்டும். அவர்களை எங்கே மடக்கலாம் என்று யோசித்துத் துண்டுச் சீட்டில் எழுதி மேலே அனுப்ப வேண்டும். மேலே இருக்கிறவர் அதை வாங்கிப் படித்து, அப்போதுதான் தன் மூளையில் உதித்த மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பேசுவார். கைதட்டுவார்கள். கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுகிறவர்களுக்காவது கடைசிப் பந்தியில் ஓர் இலை உண்டு.

இதெல்லாம் எப்படி ஆயிற்று என்றால், நான் மலேசியாவுக்குப் போனேன். அதுதான் நான் செய்த குற்றம்.

தைப்பிங் பக்கத்தில் ஓர் இடைநிலைப்பள்ளி. அங்கே தமிழ்மொழிக் கழகம் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். நான் பேசின வீடியோ ஒன்றை அந்தக் கழகத்து ஆசிரியர் பார்த்துவிட்டு, இந்தப் பெண்ணை ஒரு பருவத்துக்கு அனுப்ப முடியுமா, எங்கள் பிள்ளைகளுக்குச் சொற்போர் பழக்க வேண்டும் என்று பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். என் வீடியோவைப் பார்த்து. இதைக் கவனியுங்கள், என் வீடியோவை. விமான டிக்கெட் அவர்களே எடுத்தார்கள். எங்கள் அம்மா பக்கத்து வீட்டுக்கெல்லாம் போய், "எங்க சக்தி வாத்தியாரா போறா, வெளிநாட்டுக்கு" என்று சொல்லிவிட்டு வந்தாள். படிக்கிற பிள்ளையை வாத்தியார் வேலைக்கு அழைத்தால் யார் மாட்டேன் என்பார்கள்?

கிளம்புவதற்கு முன்னால் ஜெமிலாவைக் கூப்பிட்டேன். அப்போது அவள் அணியில் தண்ணீர் பாட்டில் தூக்குகிற ஆள். பேசுவாள், நன்றாகத்தான் பேசுவாள், ஆனால் கையை ஆட்டிக்கொண்டே இருப்பாள். "ஏட்டி, நான் வார வரைக்கும் என் எடத்துல நீ இரி. பத்திரமாப் பாத்துக்கோ" என்றேன். "சரி யக்கா, சூடு ஆறாமப் பாத்துக்கிடுதேன்" என்றாள். சிரித்தோம். நானும் சிரித்தேன். என் புத்தியைப் பாருங்கள்.

தைப்பிங்கில் மழை அக்கா. நம் ஊரில் மழை வந்தால் வாசலில் நின்று பார்ப்போம். அங்கே மழைக்காகத் தலையைத் திருப்பக்கூட மாட்டார்கள். மத்தியானம் ஆனால் கொட்டும். ஆசிரியர் வீட்டு மாடியறையில் எனக்கு இடம் கொடுத்திருந்தார்கள். காலையில் கீழே இறங்கினால் அந்த வீட்டம்மா, "பசியாறுங்க சக்தி" என்பார். நல்ல மனுஷி. பிள்ளைகளும் நல்ல பிள்ளைகள். ஆனால் சொற்போர் என்றால் எதிரணியைக் கிண்டல் பண்ணுவது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். எதிரே இருப்பவன் வாயைத் திறந்தாலே சிரிப்பு.

நான் அதை முதலில் நிறுத்தினேன். ஒரு முறை சொல்லிக்கொடுத்தேன். எதிரணியின் வாதத்தை முதலில் நீ சொல். அவன் சொன்னதைவிட நன்றாகச் சொல். அவனே கேட்டு, அட, நாம் இவ்வளவு நன்றாகவா சொன்னோம் என்று மயங்க வேண்டும். அதற்கப்புறம் வெட்டு. மரம் நிமிர்ந்து நின்றால்தான் வெட்டினால் விழுகிற சத்தம் கேட்கும். நானே யோசித்துக் கண்டுபிடித்த முறை. அங்கே ஒருவருக்கு எட்டு நிமிஷம் கொடுப்பார்கள், எதிரணி வாதத்தை ஆற அமர நிமிர்த்தி வைக்கலாம். நாமோ நான்கு நிமிஷத்தில் ஆளை இறக்கிவிடுகிற ஊர்.

யுகனேஷ்வரி என்று ஒரு பிள்ளை, நாலாம் படிவம், நம் ஊர்ப் பத்தாம் வகுப்பு மாதிரி. நான் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டாள். மாவட்டப் போட்டியில் இரண்டாம் இடம் வாங்கினோம். முதலிடம் ஏன் இல்லை என்று கேட்காதீர்கள், முதலிடம் வாங்கின பள்ளிக்கு நூலகமே மூன்று மாடி.

இது இப்படி நடந்துகொண்டிருக்கும்போது இங்கிருந்து தினம் ஜெமிலாவின் குரல் வரும். வாட்ஸப்பில். "யக்கா, சாப்டியளா? யக்கா, எதிரணி இப்பிடிச் சொன்னா நான் என்ன சொல்ல?" "யக்கா, தொடக்கத்துல கத சொல்லலாமா, கணக்கு சொல்லலாமா?" விடவே மாட்டாள். நான் பாதிக்குப் பதில் போடமாட்டேன். எனக்கு அங்கே வேலை இல்லையா? சில நாள், மழை விடாமல் பெய்கிற நாளில், போனால் போகிறது என்று நீளமாகப் பேசி அனுப்புவேன். எங்கே நிறுத்த வேண்டும், எந்த வார்த்தையில் குரலை இறக்க வேண்டும், எல்லாம். என்னையும் குற்றம் சொல்லத்தான் வேண்டும், இல்லையா, அள்ளிக் கொடுத்துவிட்டு அடுப்பு காலியாயிற்று என்று அழுகிறேன்.

அரையிறுதி நாகர்கோவிலில். நாயகம் வீடியோ அனுப்பினான். பார்த்தேன். நிறுத்தின இடம் என் இடம். குரல் இறங்கின இடம் என் இடம். நான் மழையில் உட்கார்ந்து பேசி அனுப்பின வார்த்தை ஒன்றுகூடச் சிந்தாமல் அவள் வாயிலிருந்து வருகிறது. கை ஆடவில்லை. ஜெயித்துவிட்டார்கள். கடைசியில் மைக்கைப் பிடித்து, "இது எல்லாம் எங்க சக்தி அக்கா மலேசியாவுலேர்ந்து சொல்லிக்குடுத்தது" என்றாள். அதற்கும் கைதட்டல். பாருங்கள், என் பெயரைச் சொல்லி வாங்கின கைதட்டல்கூட அவள் கணக்கில் போய்ச் சேர்ந்தது. தன்னடக்கம் என்றார் புஷ்பம் மேடம். எனக்கு அதெல்லாம் தெரியாது. தன்னடக்கம் என்றால் மைக்கை விட்டு இறங்குவது.

சரி, இதையும் ஒரு பாடமாக ஆக்குவோம் என்று நினைத்தேன். மறுநாள் அந்த வீடியோவைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினேன். "இதிலே என்னென்ன தப்பு, சொல்லுங்க" என்றேன்.

யுகனேஷ்வரிதான், "டீச்சர், இவங்க யாரு?" என்றாள்.

"என் ஜூனியர். தப்பைச் சொல்லு."

"ஒண்ணும் தெரியலையே டீச்சர்."

"நல்லாப் பாரு."

மறுபடி போட்டாள். அவளாகவே மறுபடி போட்டாள். பார்த்துவிட்டு, அந்த ஊர் வழக்கப்படி ஒரு லா போட்டு, "அழகா பேசுறாங்க லா. அடுத்த தடவ இவங்களையும் கூட்டிட்டு வாங்க டீச்சர்" என்றாள். பக்கத்தில் ஒருத்தி, "டீச்சர் நல்லா சொல்லிக்குடுக்குறாங்க, இவங்க நல்லா பேசுறாங்க, ரெண்டும் வேற லா" என்று சமாதானம் செய்தாள். என்னைச் சமாதானம் செய்கிறாளாம். அன்றைக்கு அவர்களுக்கு வீட்டுப்பாடம் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தேன். அது பழிவாங்கல் இல்லை. போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது.

ஜன்னலை லேசாகச் சாத்திக்கொள்ளலாமா? உங்களுக்குத் தூசி அடிக்கிறது. ம், இப்போது சரி.

திரும்பி வந்தேன். திருச்சி விமான நிலையம். வெளியே வந்தால் ஜெமிலா நிற்கிறாள். திருநெல்வேலியிலிருந்து பஸ் பிடித்து, அவ்வளவு தூரம் வந்து, கையில் பிச்சிப்பூவோடு நிற்கிறாள். யார் வரச் சொன்னது? எங்கள் அண்ணனே வரவில்லை, "நீயே வந்துருவேல்லா" என்று விட்டுவிட்டான். இவள் ஏன் வருகிறாள்? நான் களைத்துப்போய், தலை கலைந்து வெளியே வருகிறதைப் பார்க்க வந்திருக்கிறாள். பூவை நீட்டி, "யக்கா, மெலிஞ்சிட்டியளே" என்றாள். கேட்டீர்களா? மெலிந்துவிட்டேனாம். அப்புறம் என் பெட்டியைப் பிடுங்கி இழுத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள். எனக்கு முன்னால். எப்போதும் அப்படித்தான்.

பஸ்ஸில் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள். பிள்ளைங்க எப்படி, வீட்டம்மா எப்படி, மழை அவ்வளவா பெய்யும், அந்த முறை என்ன, எதிரணி வாதத்த நிமித்தி வச்சு வெட்டுகது, எனக்கும் சொல்லித்தாங்க யக்கா. நான் தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் என் தலை அவள் தோளில் விழுந்துவிட்டது போல. முழித்துப் பார்த்தால் திருநெல்வேலி. தோள் மரத்துப் போயிருக்கும், அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள். எழுப்பியிருக்கலாம் அல்லவா? எழுப்பினால் நல்ல பெயர் கிடைக்காதே.

மறுநாள் துறைக்குப் போனேன். எல்லாருக்கும் சாக்லேட், மைலோ. "மலேசியா எப்பிடி இருக்கு?" என்பார்கள். நான் வாயைத் திறப்பேன். "நீ நாகர்கோவில் வீடியோ பாத்தியா பிள்ள, ஜெமிலா எப்பிடிப் பேசினா பாத்தியா?" என்பார்கள். சாக்லேட்டை மென்றுகொண்டே. நான் தூக்கிக்கொண்டு வந்த சாக்லேட்.

நான் நேரே மேடத்திடம் போனேன். "மேடம், நான் வந்துட்டேன்" என்றேன். "தெரியுதே" என்றார். "இறுதிச் சுற்றுக்கு..." என்று இழுத்தேன். மேடம் பேனாவை மூடிவிட்டு யோசித்தார். "சக்தி, அவ ஜெயிச்சுக் கொண்டாந்திருக்கா. நீ மூத்தவ. ரெண்டு பேரும் ஒரு நாள் மன்றத்துல பேசுங்க. பிள்ளைகள் கேக்கட்டும். யாரு பேச்சு நிக்குதோ அவ போகட்டும். நானும் தப்பிச்சேன்" என்றார். ஜெமிலாவுக்கு விஷயம் போய், அவள் என்னிடம் ஓடி வந்தாள். "யக்கா, வேண்டாம் யக்கா. நீங்களே போங்க. நான் மேடத்துட்ட சொல்லுதேன்" என்றாள். நான், "ஏன், தோத்துருவேன்னு பயமா?" என்றேன். அவள் முகம் என்னவோ போல் ஆயிற்று. நான் சும்மா விடவில்லை. தானமாக வாங்கிக்கொள்ள நான் என்ன அனாதையா? பேசி ஜெயித்து எடுத்துக்கொள்வேன். என் இடத்தை நான் பேசித்தான் எடுத்துக்கொள்வேன்.

தலைப்பு, தேர்வில் புத்தகத்தைத் திறந்து வைத்து எழுத அனுமதிக்கலாமா. சீட்டுப் போட்டதில் அனுமதிக்கலாம் என்று ஒட்டிப் பேசுவது எனக்கு. வெட்டிப் பேசுவது அவளுக்கு. துறை மன்றத்தில் உட்கார இடமில்லை, ஜன்னலில் எல்லாம் ஏறி நிற்கிறார்கள். நான் தொடங்கினேன். என் முறைப்படி தொடங்கினேன். அனுமதிக்கக் கூடாது என்பவர்கள் என்ன சொல்வார்கள் தெரியுமா என்று கேட்டு, அவர்கள் வாதத்தை நிமிர்த்தி வைத்தேன். மூளையில் இருப்பதுதான் படிப்பு, பையில் இருப்பது பாரம் என்றேன். ஆபரேஷன் மேசையில் நோயாளியைப் படுக்கவைத்துவிட்டுப் பக்கம் புரட்டுகிற டாக்டரிடம் உங்கள் தாயைக் கொடுப்பீர்களா என்றேன். கூட்டம் ஆடிப்போய்விட்டது. ஒரு பையன் ஜன்னலிலிருந்து விசில் அடித்தான். இன்னும் நிமிர்த்தினேன். இனி வெட்ட வேண்டியதுதான், கையை ஓங்கிவிட்டேன்.

மணி அடித்துவிட்டது.

என்ன மணி? எச்சரிக்கை மணியா என்று பார்த்தால், முடிவு மணி. எச்சரிக்கை மணி முன்பே அடித்திருக்கிறது, எனக்குத்தான் காதில் விழவில்லை என்கிறார்கள். மணி அடித்தது யார் தெரியுமா? இந்த நாயகம். நான் எட்டு நிமிஷத்துக்குப் பழகி வந்திருக்கிறேன் என்று அவனுக்குத் தெரியாதா? கொஞ்சம் யோசித்து அடித்திருக்கக் கூடாதா? "மணிக்கு எப்பிடி யோசன வரும்?" என்று திருப்பிக் கேட்டான். இவர்களோடெல்லாம்தான் நான் அணியாக இருக்க வேண்டியிருக்கிறது.

ஜெமிலா எழுந்தாள். மைக்கைப் பிடித்தாள். என்னைப் பார்த்தாள். "நடுவர் அவர்களே, என் அணிக்கு அக்கா சொன்னதவிட நல்லா என்னால சொல்ல முடியாது" என்றாள். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் மோசம். சிரித்திருந்தால் கிண்டல் என்று சண்டை போட்டிருக்கலாம். அதற்கப்புறம் அவள் ஒன்றும் பெரிதாகப் பேசவில்லை, நான் நிமிர்த்தி வைத்ததில் இரண்டு ஓலையைச் செருகினாள், அவ்வளவுதான். தீர்ப்பு அவளுக்கு.

எங்கே தவறு, சொல்லுங்கள். என் வாதத்துக்கு நானே தோற்றேன் என்று துறையில் சொல்லிச் சிரிக்கிறார்கள். தோற்கவில்லை. முடிக்கவில்லை. இரண்டும் வேறு.

இன்றைக்குத் தலைப்பு, தேர்தலில் ஓட்டுப் போடுவதைக் கட்டாயமாக்க வேண்டும். ஒட்டிப் பேசுவது எங்கள் அணி. எனக்கு அதில் எப்படித் தொடங்குவது, எப்படி முடிப்பது, எல்லாம் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. நேற்று ஒத்திகையில் அவள் பேசினதைக் கேட்டேன். நன்றாகத்தான் இருந்தது. அதுதான் எரிச்சல். ஓர் இடத்திலாவது சொதப்பினாள் என்றால், சரி, நாம் இருந்திருந்தால் என்று நினைத்துக்கொண்டு உட்காரலாம். இவள் அதற்கும் வழி விடமாட்டேன் என்கிறாள்.

சாத்தூர் வந்துவிட்டது. டீ குடிக்கிறவர்கள் குடிக்கலாம் என்கிறார் கண்டக்டர். நீங்கள் இறங்கவில்லையா? என் பை இங்கேயே இருக்கட்டும், இதோ வந்துவிடுகிறேன்.

*

இந்தாருங்கள், வெள்ளரிக்காய். பிஞ்சாகப் பார்த்துத்தான் வாங்கினேன். உப்பும் மிளகாய்ப்பொடியும் தடவியிருக்கிறது. சாப்பிடுங்கள், சாப்பிட்டுக்கொண்டே கேளுங்கள்.

கீழே இறங்கினேன். டீக்கடையில் மேடமும் நாயகமும் நிற்கிறார்கள். ஜெமிலா துப்பட்டாவைக் கழுத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். நான் போனதும் மேடம், "சக்தி, இங்க வா பிள்ள. இவளுக்குத் தொண்ட கட்டிட்டாம். பேச வரலையாம். நீ பேசிருதியா?" என்றார்.

ஜெமிலா காற்றுக் குரலில், "ஆமா யக்கா. சுத்தமா வரல. நீங்களே பேசிருங்க யக்கா" என்றாள்.

நான் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்றுதான். பேசுகிறேன் மேடம். அவ்வளவுதான். அதற்குமேல் ஒரு வார்த்தை வேண்டாம். இத்தனை நாள் அதற்காகத்தானே சோறு இறங்காமல் கிடந்தேன்.

ஆனால் அக்கா, நீங்கள் சாட்சி. கயத்தாறிலிருந்து சாத்தூர் வரைக்கும் இந்த பஸ்ஸில் பாடிக்கொண்டு வந்தது யார்? நீங்களும் கேட்டீர்கள்தானே? கண்ணுக்கு முன்னால் இவ்வளவு பெரிய ஓட்டை தெரிகிறபோது எப்படிச் சும்மா இருப்பது?

"எப்போ கட்டிச்சு?" என்றேன்.

"இப்பத்தான் யக்கா. கோவில்பட்டி தாண்டி."

"கோவில்பட்டி தாண்டிப் பாடிக்கிட்டுத்தான இருந்த? பஸ்ஸே கேட்டுச்சே."

"அதனாலதான் யக்கா கட்டிச்சு."

நல்ல பதில். ஒத்துக்கொள்கிறேன், உடனடியாக வந்த பதில். ஆனால் எனக்கு அதற்குள் சூடு ஏறிவிட்டது. அவள் கையைப் பார்த்தேன்.

"கையில என்னது?"

"ரோஸ்மில்க்."

"தொண்ட கட்டினவ ஐஸ் போட்ட ரோஸ்மில்க் குடிப்பாளா?"

"இது நாயகத்துக்கு."

"நாயகம் கையில டீ இருக்கு."

நாயகம் டீயை ஒளித்து வைக்க இடம் தேடினான். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் எங்கள் பக்கம் திரும்பிவிட்டார்கள். பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் பேப்பரை மடித்துவிட்டார். மேடம் மெதுவாக, "சக்தி, போதும் பிள்ள, விடு. நீ பேசுதேன்னு மட்டும் சொல்லு" என்றார். எனக்கு எங்கே காதில் விழுந்தது? மேடையே எனக்குத் திரும்பக் கிடைத்த மாதிரி இருந்தது. எவ்வளவு நாளாயிற்று தெரியுமா, நான் சொல்வதை நான்கு பேர் வாயை மூடிக் கேட்டு?

மூன்றாவது கணையை எடுத்தேன். "சரி, அப்போ நானே பேசுதேன். இப்பிடித் தொடங்கப்போறேன். ஓட்டுப் போடாதவனுக்கு ரேஷன் கார்டை ரத்து பண்ணணும்னு அடிச்சுச் சொல்லப்போறேன்" என்றேன். வேண்டுமென்றே, படு முட்டாள்தனமான வாதம். தப்பான வாதத்தைக் கேட்டுவிட்டு அவளால் சும்மா இருக்க முடியாது, எனக்குத் தெரியும். அந்தக் கெட்ட பழக்கம் அவளுக்கு என்னிடமிருந்துதான் ஒட்டியது.

"யக்கா, அப்பிடிச் சொன்னா தொடங்கும்போதே தோத்தோம்" என்றாள். கணீரென்று. "திங்கிற அரிசியயும் ஓட்டயும் ஒண்ணா முடிச்சுப் போட்டா எதிரணி நம்மள உரிச்சு உப்புத் தடவிருவான். ஓட்டு உரிமைன்னு தொடங்கி, கடமைன்னு கொண்டுபோயில்லா முடிக்கணும்?"

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர், "பாப்பாவுக்குத் தொண்ட வெண்கலம்லா" என்றார். பெஞ்சில் எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பெரியவர் கைதட்டினார். எனக்குத்தான் தட்டினார், நான்தானே பிடித்தேன். நான் மேடத்தைப் பார்த்து, "நடுவர் அவர்களே, இவள் தொண்டையில் எந்தக் குறையும் இல்லை என்பதை மூன்று சான்றுகளோடு நிறுவியிருக்கிறேன். தீர்ப்பு உங்கள் கையில்" என்றேன். அப்படியே சொன்னேன், ஒரு வார்த்தை பிசகாமல். மணி அடிக்கிறதுக்கு முன்னால் முடித்தேன்.

மேடம் மிச்ச டீயைக் குடித்து முடித்தார். டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"நிறுவிட்டே" என்றார். "தொண்ட நல்லா இருக்கு. நல்லா இருக்கிறவ பேசட்டும். ஜெமிலாவே பேசுவா. வேற நான் என்ன சொல்ல முடியும், இவ்வளவு பேருக்கு முன்னால?" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார். அவர் பின்னாலேயே நாயகம். போகிறபோது, "யக்கா, எதுக்கு யக்கா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனான்.

ஜெமிலா துப்பட்டாவை அவிழ்த்தாள். கண்ணெல்லாம் தண்ணீர். கோபம். அவள் என்னிடம் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. "ஒங்களுக்குக் கடைசி வருசம்லா யக்கா" என்றாள். "எனக்கு அடுத்த வருசம் இருக்கு. ராத்திரியெல்லாம் யோசிச்சு, பாட்டுப் பாடுனா தொண்ட கட்டும்னு பாடிக்கிட்டு வந்தேன். கட்டித் தொலைய மாட்டேங்கு."

"நான் கேட்டேனா?" என்றேன்.

"நீங்க கேக்க மாட்டிய. குடுத்தாலும் வாங்க மாட்டிய. அவ்வளவு பேருக்கு முன்னால என்னக் கள்ளியாக்கிட்டிய." ரோஸ்மில்க்கை என் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டாள். நான் அதைக் குடிக்கவில்லை. பாதி குடித்தேன். வீணாக்கக் கூடாது.

இப்போது பாருங்கள், அவள் பாடவில்லை. ஜன்னலில் சாய்ந்துகொண்டு போகிறாள். அந்த நாற்காலி அவளுடையது, இனி அதில் பேச்சே இல்லை. மதுரையில் அவள் மேலே உட்காருவாள், நான் கீழே உட்கார்ந்து சீட்டு எழுதுவேன். எழுதாமல் விடமாட்டேன், எதிரணி ரேஷன் கார்டை இழுத்தால் என்ன சொல்ல வேண்டும் என்று இப்போதே இரண்டு சீட்டு எழுதி வைத்துவிட்டேன். அவர்கள் இழுக்கமாட்டார்கள் என்றாலும்.

பேசுகிறேன் மேடம் என்று சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். முகத்தில் தெரிகிறது. அதை நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டாம். நான் கேட்கிறது வேறு. பாட்டு, ரோஸ்மில்க், ரேஷன் கார்டு. இந்த மூன்றில் எங்காவது ஓட்டை இருந்ததா? அவள் தொண்டை நன்றாக இருக்கிறது என்று நான் சொன்னது சரியா, இல்லையா? வெள்ளரிக்காயை அப்புறம் சாப்பிடலாம் அக்கா. சரி என்று மட்டும் சொல்லுங்கள். வேறு ஒன்றும் சொல்லாதீர்கள்.